வொர்க்கர் செத்தால் க்யூவுக்கு யார் சொல்வது?

எலிக்சரில் (எர்லாங்கின் மேல் ஓடும் நிரல்மொழி) எழுதும் ஒருவரின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜாப்களை வரிசையில் வைத்திருக்கும் ஒரு ஜென்சர்வர் (செய்திகளை வாங்கிப் பதில் சொல்லும் ப்ராசஸ், இதைத்தான் க்யூ என்கிறேன்), ஒரு டைனமிக் சூப்பர்வைசர் (மற்ற ப்ராசஸ்களைத் தேவைப்படும்போது தொடங்கிக் கண்காணிப்பது), அதன் கீழே ஜாப்களைச் செய்யும் ஐந்து வொர்க்கர்கள். வொர்க்கர் கிராஷ் ஆனால் சூப்பர்வைசர் உடனே இன்னொன்றை எழுப்பிவிடுகிறது, ஆனால் செத்துப்போன வொர்க்கர் கையில் வைத்திருந்த ஜாப் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. க்யூ அது இன்னும் ஓடுகிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசரிடமே "உன் பிள்ளை செத்தால் எனக்குச் சொல்" என்று கேட்க வழி உண்டா, அல்லது க்யூ எல்லா வொர்க்கரையும் லிங்க் செய்து (ஒன்று செத்தால் மற்றதும் சாகும் பிணைப்பு) எக்ஸிட்டை, அதாவது அந்தச் சாவுச் சிக்னலைப் பிடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இரண்டும் வேண்டாம். சூப்பர்வைசரில் அப்படி ஒரு கால்பேக் (ஏதாவது நடந்தால் அழைக்கப்படும் நம் ஃபங்ஷன்) கிடையவே கிடையாது, அது வேண்டுமென்றே வைக்காமல் விட்டது. தொடக்க அமைப்பைத் தவிர நம் கோட் சூப்பர்வைசருக்குள் ஓடக் கூடாது. அப்படி ஓடாததால்தான் மற்ற எல்லாம் விழும்போதும் அது விழாமல் நிற்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ப்ராசஸ்: எப்படித் தொடங்குவது, எந்த வரிசையில் நிறுத்துவது, எத்தனை தடவை திரும்ப எழுப்பலாம். ஜாப் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எர்லாங் 1986 வாக்கில் எரிக்சனில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி. அங்கே ஓர் அழைப்பைக் கவனிக்கும் ப்ராசஸ் செத்தால் பேசிக்கொண்டிருந்தவரே மறுபடி எண்ணைச் சுழற்றுவார். ஜாப் க்யூவில் அப்படி மறுபடி கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டியது க்யூவின் வேலை, அதை மானிட்டர் (ஒரு ப்ராசஸ் செத்தால் இன்னொன்றுக்குச் சொல்லும் காவல்) வைத்துத்தான் செய்ய வேண்டும்.

லிங்க் ஏன் வேண்டாம்? லிங்க் இரண்டு பக்கமும் இழுக்கும். வொர்க்கர் செத்தால் க்யூவும் சாகும், அதைத் தடுக்க க்யூவில் எக்ஸிட்டைப் பிடிக்கும் கொடியை ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டால் சம்பந்தமில்லாத எக்ஸிட் செய்திகளும் வந்து சேரும். போதாததற்கு வொர்க்கர் ஏற்கெனவே சூப்பர்வைசரோடு லிங்க் ஆகியிருக்கிறது, ஒரு ப்ராசஸின் உயிருக்கு இரண்டு பேர் பொறுப்பு என்றால் நிறுத்தும் வரிசை குழம்பிவிடும். மானிட்டர் ஒரு பக்கம் மட்டும். க்யூ பார்க்கிறது, வொர்க்கருக்கு அது தெரியாது, க்யூ செத்தாலும் வொர்க்கருக்கு ஒன்றும் ஆகாது. (கடைசியில் சொன்னது நல்லதா கெட்டதா என்பதைக் கீழே பேசுவோம்.)

செய்முறை எளிது. க்யூ ஒரு ஜாபை எடுக்கிறது, ஸ்டார்ட்-சைல்ட் மூலம் டைனமிக் சூப்பர்வைசரிடம் ஒரு வொர்க்கரைத் தொடங்கச் சொல்கிறது, வந்த பிஐடியை (ப்ராசஸின் அடையாளம்) உடனே ப்ராசஸ்.மானிட்டர் செய்கிறது, அந்த மானிட்டருக்கே உரிய அடையாளமாகக் கிடைத்த ரெஃபரன்ஸைச் சாவியாக வைத்து ஒரு மேப்பில் ஜாபைப் போட்டு வைக்கிறது. வொர்க்கர் எப்படிச் செத்தாலும் அந்த ரெஃபரன்ஸோடு ஒரு டவுன் செய்தி (செத்துவிட்டது என்ற அறிவிப்பு) க்யூவின் ஹேண்டில்-இன்ஃபோ என்ற ஃபங்ஷனுக்கு வரும். மேப்பில் தேடினால் ஜாப் கிடைக்கும். சாவியாக பிஐடியை வைக்காதீர்கள், ரெஃபரன்ஸை வையுங்கள். ஒரே பிஐடியை இரண்டு தடவை மானிட்டர் செய்தால் இரண்டு டவுன் வரும், எது எந்த ஜாபுக்கு என்று ரெஃபரன்ஸ்தான் சொல்லும்.

"தொடங்கியதற்கும் மானிட்டர் செய்ததற்கும் இடையில் வொர்க்கர் செத்துவிட்டால்?" என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். செத்த பிஐடியை மானிட்டர் செய்தாலும் டவுன் வரும், உடனே வரும், காரணம் மட்டும் நோப்ராக் (அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை) என்று இருக்கும். அதை "என்ன ஆனது என்று தெரியாத தோல்வி" என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு உத்தரவாதமும் உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் பாதி கோட் குறையும். ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொரு ப்ராசஸுக்குப் போகும் சிக்னல்கள் அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேரும், டவுனும் அந்த வரிசைக்குள் அடக்கம். ஆகவே வொர்க்கர் "முடித்துவிட்டேன்" என்று செய்தி அனுப்பிவிட்டுச் செத்தால், முடித்த செய்தி முதலில், டவுன் பிறகு. முடித்த செய்தி வந்ததும் ஃப்ளஷ் ஆப்ஷனோடு டீமானிட்டர் செய்து (மானிட்டரை நீக்கி, ஏற்கெனவே வந்து கிடக்கும் டவுனையும் அழிப்பது) மேப்பிலிருந்து ஜாபை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் டவுன் வந்து மேப்பில் ஒரு ஜாப் கிடைக்கிறது என்றால், அது முடிந்ததாகச் சொல்லப்படாத ஜாப்தான், சந்தேகமே இல்லை. காரணம் நார்மல் என்று இருந்தாலும் சரி. வேலையை முடித்ததாகச் சொல்லாமலே அமைதியாக வெளியேறிய வொர்க்கர் ஒரு பக், அதையும் தோல்வியாகவே எண்ணுங்கள்.

சரி, இப்போது ரீஸ்டார்ட். உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யூஸ் ஜென்சர்வர் என்று எழுதினால் சைல்ட் ஸ்பெக்கில் (பிள்ளையை எப்படி நடத்துவது என்று சூப்பர்வைசருக்குச் சொல்லும் விவரம்) ரீஸ்டார்ட் தானாகவே பர்மனென்ட், அதாவது எப்படிச் செத்தாலும் எழுப்பு என்று ஆகிவிடும். வொர்க்கர் செத்ததும் சூப்பர்வைசர் புதிதாக ஒன்றை எழுப்பும், அதற்குப் புது பிஐடி, உங்கள் பழைய மானிட்டர் அதைப் பார்க்காது. க்யூ தொடங்காத, க்யூவுக்குத் தெரியாத ஒரு வொர்க்கர் ஓடிக்கொண்டிருக்கும். சிலர் ட்ரான்சியன்ட் (கிராஷ் ஆனால் மட்டும் எழுப்பு) போட்டு, ஜாபை ஸ்டார்ட் ஆர்க்யுமென்ட்டாகவே கொடுத்து, "கிராஷ் ஆனால் அதே ஜாபோடு திரும்ப எழும், ரீட்ரை இலவசம்" என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இடைவெளி இல்லாத ரீட்ரை அது, எத்தனையாவது முயற்சி என்ற கணக்கும் இல்லை. அதைவிட மோசம், சூப்பர்வைசரின் ரீஸ்டார்ட் வரம்பை அது தின்கிறது. எலிக்சரில் அந்த வரம்பு, நீங்கள் மாற்றாவிட்டால், 5 நொடிக்கு 3. நாலாவது தடவை விழுந்தால் சூப்பர்வைசர் மற்ற எல்லா வொர்க்கரையும் நிறுத்திவிட்டுத் தானும் சாகும், அதன் மேலே உள்ளது அதை எழுப்பும், அங்கும் வரம்பு தாண்டினால் இன்னும் மேலே, கடைசியில் அப்ளிகேஷனே நிற்கும்.

நான் இதை நேரில் பட்டிருக்கிறேன். ஒரே ஒரு ஜாப், அதன் பேலோடில் (ஜாபோடு வரும் தரவு) எதிர்பாராத இடத்தில் ஒரு nil (மதிப்பு இல்லை என்ற குறி), டீகோட் செய்யும்போதே கிராஷ். ட்ரான்சியன்ட் வொர்க்கர். ஒரு நொடிக்குள் நாலு தடவை விழுந்து, அந்த நேரத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற ஜாப்கள் எல்லாவற்றையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போனது. க்யூ திரும்ப எழுந்து முதல் வேலையாக அதே ஜாபை எடுத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஓர் இரவு முழுக்கப் போனது, ஏனென்றால் லாகில் கண்ணில் பட்டதெல்லாம் ஷட்டவுன் ஆன அப்பாவி வொர்க்கர்கள்தான்.

அதனால் என் உறுதியான கருத்து: ஜாப் ஒன்றுக்கு ஒரு வொர்க்கர் என்றால் ரீஸ்டார்ட் டெம்பரரி. டெம்பரரி பிள்ளையை சூப்பர்வைசர் திரும்ப எழுப்பாது, எழுப்பாததால் அதன் சாவு வரம்புக் கணக்கிலும் சேராது. ஆயிரம் ஜாப் அடுத்தடுத்து விழுந்தாலும் சூப்பர்வைசர் அசையாது. எப்போது மறுபடி ஓட்டுவது, எத்தனை முயற்சிக்குப் பிறகு கைவிடுவது, இடைவெளியை எப்படிக் கூட்டிக்கொண்டே போவது எல்லாம் டவுன் செய்தியைப் பார்த்து க்யூ எடுக்கும் முடிவு. ஜாபின் தோல்வி என்பது தினசரி நடப்பது, சிஸ்டத்தின் தோல்வி என்பது அபூர்வம், ரீஸ்டார்ட் வரம்பு இரண்டாவதற்காக வைத்தது.

வொர்க்கர் நீண்ட நாள் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையும் உண்டு, ஒரு சாக்கெட்டைத் திறந்து வைத்திருக்கிறது, தொடங்கவே நேரம் பிடிக்கிறது என்பது போல. அப்போது பர்மனென்ட் சரிதான், ஆனால் திசையைத் திருப்பிவிடுங்கள். க்யூ வொர்க்கரைத் தேடிப் போகக் கூடாது, வொர்க்கர் எழுந்ததும் தானே க்யூவிடம் வந்து "நான் தயார்" என்று சொல்ல வேண்டும், அந்தச் செய்தியைப் பார்த்து க்யூ மானிட்டர் செய்ய வேண்டும். புதிதாக எழுந்த ஒவ்வொன்றும் தானாகப் பதிவாகிவிடும், புது பிஐடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியே எழாது. செத்ததற்கும் திரும்ப எழுந்ததற்கும் இடையில் பெயரை வைத்துத் தேடி, பழைய பிஐடியே கிடைத்து ஏமாறும் ரேஸும் இல்லை. ரெஜிஸ்ட்ரி (பெயரைக் கொடுத்தால் பிஐடி தரும் பதிவேடு) செத்த ப்ராசஸின் பதிவை நீக்கும், ஆனால் அதே கணத்தில் நீக்கும் என்று நம்பக் கூடாது.

இங்கே ஒரு பொறி. வொர்க்கரின் இனிட்டுக்குள் (தொடங்கும்போது ஓடும் ஃபங்ஷன்) இருந்து க்யூவை ஜென்சர்வர்.கால் (பதில் வரும்வரை காத்திருக்கும் அழைப்பு) செய்யாதீர்கள். க்யூவேதான் ஸ்டார்ட்-சைல்ட் அழைத்திருந்தால், அது இனிட் முடியும்வரை காத்திருக்கும், இனிட் க்யூவின் பதிலுக்குக் காத்திருக்கும், 5 நொடியில் டைம்அவுட் ஆகி விழும். இனிட்டைக் காலியாக வைத்து, அது முடிந்ததும் ஓடும் ஹேண்டில்-கன்டின்யூவில் வேலையைத் தொடங்குங்கள், எர்லாங்கோடு வரும் நூலகத் தொகுப்பான ஓடிபி 21-லிருந்து அது இருக்கிறது. இனிட் கனமாக இருந்தால் டெட்லாக் இல்லாமலேயே க்யூ முழுக்க நின்றுவிடும் என்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்து, க்யூவே செத்தால்? மானிட்டர்கள் எல்லாம் அதோடு போய்விடும், வொர்க்கர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக எழுந்த க்யூ அதே ஜாப்களை மறுபடி தொடங்கும். ஒரே ஜாப் இரண்டு இடத்தில். இதற்கு நல்ல தீர்வு மேல்மட்ட சூப்பர்வைசரில் ரெஸ்ட்-ஃபார்-ஒன் உத்தி: முதலில் க்யூ, அதன் பிறகு வொர்க்கர்களின் டைனமிக் சூப்பர்வைசர். க்யூ விழுந்தால் அதற்குப் பின்னால் தொடங்கியவை அனைத்தும் நிறுத்தப்பட்டு, எல்லாம் சுத்தமாக ஒன்றாக எழும். வொர்க்கர் சூப்பர்வைசர் மட்டும் விழுந்தால் க்யூ பிழைத்திருக்கும், ஒவ்வொரு ஜாபுக்கும் டவுன் வாங்கிக்கொள்ளும்.

அந்த இரண்டாவது நிலையில்தான் பலர் அடி வாங்குகிறார்கள். ஐந்து டவுன் வருகிறது, ஹேண்டில்-இன்ஃபோ ஒவ்வொன்றுக்கும் உடனே ஸ்டார்ட்-சைல்ட் அழைக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் வொர்க்கர் சூப்பர்வைசரே இல்லை, அழைப்பு நோப்ராக் என்று எக்ஸிட் ஆகி க்யூவையும் வீழ்த்துகிறது. சிஸ்டத்தை முறையாக நிறுத்தும்போதும் இதேதான்: பிள்ளைகள் தொடங்கியதற்கு எதிர் வரிசையில் நிறுத்தப்படுவதால், வொர்க்கர்கள் முதலில் போகும், க்யூ கடைசியில் நின்று டவுன்களைப் பார்க்கும். ஆகவே டவுனைக் கையாளும் இடத்தில் நேராக அடுத்த ஜாபைத் தொடங்காதீர்கள். ஜாபை வரிசையில் திரும்பப் போட்டுவிட்டு, சென்ட்-ஆஃப்டர் மூலம் தனக்குத்தானே ஒரு செய்தி அனுப்பிக் கொஞ்சம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். காரணம் ஷட்டவுன் என்றால் முயற்சி எண்ணிக்கையையும் கூட்டாதீர்கள், அது ஜாபின் குற்றமில்லை.

மானிட்டரால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு: சாகாமல் தொங்கிக்கொண்டிருக்கும் வொர்க்கர். எதிர்முனை பதிலே சொல்லாத ஒரு அழைப்பில் இன்ஃபினிட்டி டைம்அவுட் போட்டிருந்தால் அது என்றைக்கும் அங்கேயே நிற்கும், டவுன் வராது, ஐந்து இடத்தில் ஓர் இடம் போனது போனதுதான். ஜாபைத் தொடங்கும்போதே ஒரு டைமர் வையுங்கள், செய்தியில் அதே ரெஃபரன்ஸை வையுங்கள். டைமர் வந்து மேப்பில் ரெஃபரன்ஸ் இன்னும் இருந்தால், அந்தப் பதிவில் "நேரம் தாண்டியது" என்று முதலில் குறித்துவிட்டு, பிறகு கில் அனுப்புங்கள். டவுன் கில்டு என்ற காரணத்தோடு வரும், மீதியை வழக்கமான டவுன் கோடே பார்த்துக்கொள்ளும். குறித்து வைப்பது ஏன் முக்கியம் என்றால், கில்டு என்ற காரணம் உங்கள் டைமரால் மட்டும் வருவதில்லை, மேக்ஸ்-ஹீப்-சைஸ் வைத்திருந்து மெமரி தாண்டிய ப்ராசஸும் அப்படியேதான் சாகும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் பின்னால் தலைவலி. நார்மல் என்று எக்ஸிட் சிக்னல் அனுப்பி நிறுத்தப் பார்க்காதீர்கள், இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பும் நார்மல் அதைக் கொல்லாது.

இவ்வளவையும் கையால் எழுத வேண்டுமா? பல நேரம் வேண்டாம். டாஸ்க்.சூப்பர்வைசரின் அசிங்க்-நோலிங்க் இதில் பாதியைத் தானே செய்துவிடுகிறது: டெம்பரரி ப்ராசஸைத் தொடங்கி, லிங்க் இல்லாமல் மானிட்டர் மட்டும் வைத்து, அந்த ரெஃபரன்ஸைக் கையில் தருகிறது. வெற்றி என்றால் ரெஃபரன்ஸோடு பதில் செய்தி, தோல்வி என்றால் டவுன். க்யூ ஜென்சர்வருக்குள் அவெய்ட் செய்து காத்திருக்காமல் இரண்டையும் ஹேண்டில்-இன்ஃபோவில் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் வந்ததும் ஃப்ளஷோடு டீமானிட்டர் செய்ய மறக்காதீர்கள். வொர்க்கருக்குத் தனியாக நிலை எதுவும் தேவையில்லை என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மேல் ஓடும் ஓபன் என்ற எலிக்சர் ஜாப் க்யூ லைப்ரரியும் உள்ளே ஜாப்களை இந்த முறையில்தான் ஓட்டுகிறது.

ஓபனைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். மானிட்டரின் எல்லை, க்யூ ப்ராசஸின் உயிர். வேறு நோடில் (நெட்வொர்க்கில் இணைந்த இன்னொரு எர்லாங் சிஸ்டம்) இருக்கும் வொர்க்கரை மானிட்டர் செய்யலாம், தொடர்பு அறுந்தால் நோகனெக்‌ஷன் என்று டவுன் வரும், ஆனால் அந்த வொர்க்கர் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், நெட்வொர்க் மட்டும் போயிருக்கலாம். அதை மரணச் சான்றிதழாக எடுக்காதீர்கள். மெஷினே நின்றுவிட்டால் டவுன் வாங்கவும் ஆள் இல்லை. ஜாப் தொலையவே கூடாது என்றால் அது டேட்டாபேஸில் இருக்க வேண்டும், "ஓடுகிறது" என்ற நிலையிலேயே அனாதையாக நிற்பவற்றை யாராவது வந்து மீட்க வேண்டும். ஓபனில் லைஃப்லைன் ப்ளகின் அதைச் செய்கிறது, நீங்கள் மாற்றாவிட்டால் 60 நிமிடம் தாண்டியவற்றை எடுக்கும். அது நேரத்தை மட்டுமே பார்த்து முடிவு செய்வதால், உண்மையிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடும் ஜாப் உங்களிடம் இருந்தால் அது இரண்டு தடவை ஓடும். நீங்களே எழுதினாலும் இந்தச் சிக்கல் மாறாது, எனவே ஜாப்கள் இரண்டு தடவை ஓடினாலும் கெடுதல் வராதபடி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் மெட்ரிக்ஸ். டெலிமெட்ரி (அளவீட்டு நிகழ்வுகளை வெளியிடும் லைப்ரரி) ஸ்பான் வைத்து ஜாபைச் சுற்றிவிட்டால் தொடக்கம், முடிவு, எக்ஸெப்ஷன் மூன்றும் வந்துவிடும் என்று நம்பி விடாதீர்கள். ஸ்பான் என்பது வொர்க்கருக்குள் ஓடும் ஒரு ட்ரை-கேட்ச்தான், கில் வாங்கிய ப்ராசஸில் கேட்ச் ஓடாது. தொடக்கம் ஒன்று கூடும், முடிவும் இல்லை எக்ஸெப்ஷனும் இல்லை. நீங்கள் மிகவும் தெரிந்துகொள்ள வேண்டிய சாவுகள் சரியாக அந்த இடைவெளியில் விழுந்துவிடும். எனவே தோல்வி எண்ணிக்கையை க்யூ பக்கம், டவுன் கையாளும் இடத்தில் வெளியிடுங்கள், காரணத்தை வகை பிரித்து. எக்ஸெப்ஷனின் முழு ஸ்டாக்ட்ரேஸை லேபிளாகப் போடாதீர்கள், கிராஷ், கில்டு, நேரம் தாண்டியது, ஷட்டவுன், நோப்ராக் என்று நாலைந்து வகை போதும்.

அதோடு நான் எப்போதும் கண் வைக்கும் மூன்று எண்கள்: ஓடிக்கொண்டிருப்பவற்றில் மிகப் பழைய ஜாபின் வயது, க்யூ ப்ராசஸின் மெசேஜ்-க்யூ-லென் (காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கை), க்யூவின் மேப் அளவுக்கும் சூப்பர்வைசரின் கவுன்ட்-சில்ட்ரன் தரும் ஆக்டிவ் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது ஒரு கணம் ஒன்றிரண்டு ஆடலாம், ஆனால் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் அப்படியே நின்றால் எங்கோ கணக்கு விட்டுப்போயிருக்கிறது. இதற்கு விச்-சில்ட்ரனைக் கூப்பிடாதீர்கள், பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் முழுப் பட்டியலும் காப்பி ஆகும், சூப்பர்வைசரும் அதுவரை காத்திருக்கும்.

டெஸ்டில் வொர்க்கரைக் கொன்றுவிட்டு 100 மில்லிநொடி ஸ்லீப் போட்டு ஜாப் திரும்ப வந்ததா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டெஸ்ட் ப்ராசஸே வொர்க்கரை மானிட்டர் செய்து, கில் அனுப்பி, டவுனுக்குக் காத்திருக்கட்டும். ஆனால் டெஸ்டுக்கு டவுன் வந்துவிட்டது என்பதால் க்யூவுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வரிசை உத்தரவாதம் இரண்டு ப்ராசஸ்களுக்கு இடையில்தான். எனவே ஜாப் மறுபடி ஓடும்போது அந்த ஜாபே டெஸ்டுக்கு ஒரு செய்தி அனுப்பும்படி வைத்து, அசர்ட்-ரிசீவில் அதற்குக் காத்திருங்கள். வொர்க்கரைக் கொல்வது, வொர்க்கர் சூப்பர்வைசரைக் கொல்வது, க்யூவைக் கொல்வது என்று மூன்று டெஸ்ட் எழுதுங்கள். என் அனுபவத்தில் முதல் தடவையே மூன்றும் பாஸ் ஆன க்யூவை நான் பார்த்ததில்லை, இரண்டாவதில்தான் பெரும்பாலும் விழும்.